ரோலைப் பிரித்தால் துணி தளர்ந்துவிடுமா? 'அன்வைண்ட்' என்ற சொல்லுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்கிறார். வெளிநாட்டு பையர் (வாங்குபவர்) அனுப்பிய கையேட்டில், வெட்டுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே துணி ரோல்களை 'அன்வைண்ட்' செய்துவிட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதாம். அகராதியைப் புரட்டினால் 'சுற்றியதை அவிழ்' என்று ஒரு பொருளும் 'இளைப்பாறு' என்று இன்னொரு பொருளும் கிடைக்கின்றன. "ரோலைப் பிரிக்கப் பத்து நிமிடம் போதுமே, ஒரு நாள் எதற்கு? துணி எப்படி இளைப்பாறும்? பங்குச் சந்தைச் செய்திகளிலும் இதே சொல் வருகிறது, அங்கே என்ன பொருள்?" என்பது அவர் கேள்வி.

பதில்:

தம்பி, பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். பத்து நிமிடத்தில் முடிவது அவிழ்ப்பு. ஒரு நாள் கேட்பது தளர்வு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் இருப்பதால் கையேடு எழுதியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். துணிக்கு இரண்டும் வேண்டும். அவிழ்க்காமல் தளராது, அவிழ்த்துவிட்டோம் என்பதாலேயே தளர்ந்துவிட்டது என்றும் ஆகாது. இந்த இரண்டாவது பாதியைப் பல கம்பெனிகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சொல். 'வைண்ட்' கோவை வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்து, 1930-களில் பைக்காரா மின்சாரத்தால் மில்கள் பெருகிய பிறகு, 'வைண்டிங்கில் வேலை' என்பது இங்கே வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. ஸ்பின்னிங்கில் சின்னச் சின்ன பாபின்களில் இறங்கும் நூலைப் பெரிய கோனில் சுற்றுவது வைண்டிங். எழுத்தைப் பார்த்தால் காற்றைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒன்றுபோல் இருக்கும். காற்று 'விண்ட்', சுற்றுவது 'வைண்ட்'. இரண்டுக்கும் வேர் வேறு. சுற்றுவதைக் குறிக்கும் சொல் பழைய ஆங்கிலத்தில் சுழலுதல், முறுக்குதல் என்ற பொருளில் இருந்து வருகிறது. அலைந்து திரிவதைச் சொல்லும் 'வாண்டர்' அதன் பங்காளி.

முன்னால் வரும் 'அன்' பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பள்ளியில் நாம் படித்த 'அன்' இல்லாமையைக் குறிப்பது. 'அன்ஹேப்பி' என்றால் மகிழ்ச்சியில்லாத. வினைச்சொல்லோடு சேரும் 'அன்' அதுவல்ல. அது செய்த காரியத்தைத் திருப்பிச் செய்வதைக் குறிக்கும் வேறொரு முன்னொட்டு. வரலாற்றிலும் இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவை. ஆகவே அன்வைண்ட் என்றால் 'சுற்றாமல் விடு' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுற்றியது ஒன்று இருக்க வேண்டும், அதை வந்த வழியே திரும்ப எடுக்க வேண்டும்.

இளைப்பாறுதல் என்ற பொருள் இருபதாம் நூற்றாண்டில் வந்து ஒட்டியது. சாவி கொடுத்த கடிகாரத்தின் சுருள்வில் இறுகி நிற்பதுபோல், பதற்றத்தில் இருக்கிறவரை ஆங்கிலத்தில் 'வவுண்ட் அப்' என்பார்கள். வேலை முடிந்து அந்த இறுக்கத்தை விடுவது அன்வைண்ட். நாமும் 'முறுக்கிக்கொண்டு நிற்கிறான்' என்கிறோம், ஆனால் அங்கே நாம் சொல்வது வீறாப்பையும் கோபத்தையும். ஆங்கிலத்தில் அது கவலை, களைப்பு, ஓயாத மனம். மொழிபெயர்க்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலக்கணத்தில் ஒரு வேறுபாடும் உண்டு. நூலை அன்வைண்ட் செய்யலாம் என்றால் அங்கே நூல் செயப்படுபொருள். மனிதர் இளைப்பாறும் பொருளில் பெரும்பாலும் செயப்படுபொருள் வராது. அவர் தானே அன்வைண்ட் ஆகிறார். உங்கள் கையேட்டில் 'ரோல்களை' என்று செயப்படுபொருள் இருப்பதால், எழுதியவர் எழுத்தளவில் சொன்னது அவிழ்ப்பு. '24 மணி நேரம்' என்று சேர்த்ததால் அவர் உண்மையில் கேட்பது தளர்வு.

சொல்லின் கதை இவ்வளவுதான். இனி நூலுக்கு வருவோம், ஏனென்றால் துணியின் குணம் நூலிலேயே தொடங்குகிறது.

அவிழ்ப்பது என்றால் சுற்றியதைத் தலைகீழாகச் செய்வதுதானே, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கோனிலிருந்து நூல் எப்படி வருகிறது என்று நிட்டிங் மெஷின் பக்கத்தில் நின்று பாருங்கள். கோன் சுழல்வதில்லை. அது அப்படியே நிற்க, நூல் அதன் முனை வழியாக மேலே உருவிக்கொண்டு போகும். வேகமாக வரும் நூல் கோனைச் சுற்றி ஒரு குமிழ்போல் விரிந்து சுழலும். மில்காரர்கள் அதைப் பலூன் என்பார்கள். இப்படி உருவும்போது ஒவ்வொரு சுற்று கழலும்போதும் நூலில் ஒரு முறுக்கு கூடும், அல்லது குறையும். அது சுற்றிய திசையைப் பொறுத்தது. முப்பதாம் நம்பர் (நம்பர் என்பது நூலின் மெல்லிமை) பனியன் நூலில் மீட்டருக்குச் சுமார் 750 முறுக்கு இருக்கும். மெல்லிய பாபினிலிருந்து உருவினால் மீட்டருக்குப் பத்துச் சொச்சம் மாறும், பெரிய கோனில் இன்னும் குறைவு. ஆகவே நூலுக்கு இது பொருட்டில்லை. ஆனால் தட்டையான பொருளுக்கு இது பெரிய தொல்லை. லேபிள் டேப், ரிப்பன், தட்டை ஜரிகை இவற்றை முனை வழியாக உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு திருகல் விழுந்துவிடும். அவற்றுக்கு ரீலையே சுழலவிட்டுப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் ஒயர் சுருளைத் தரையில் போட்டு ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கொக்கி கொக்கியாக மடங்குவதற்கும் இதே காரணம்தான். சுருளை உருட்டிக்கொண்டே போனால் ஒயர் நேராக வரும்.

இன்னொன்று இழுவிசை. பாபின் நிறைந்திருக்கும்போது நூல் இலகுவாக வரும். தீரத் தீர, அடிப்பாகத்திலிருந்து வரும் நூல் பாபினை உரசிக்கொண்டு வருவதால் இழுவிசை ஏறும். நல்ல ஆட்டோகோனர் (தானாகக் கோன் சுற்றும்) மெஷின்கள் கடைசிப் பகுதியில் வேகத்தைக் குறைத்துக்கொள்வது இதற்காகத்தான். நிட்டிங்கில் நூலைச் சீராக ஊட்டும் பாசிடிவ் ஃபீடர் வைப்பதும், பனியன் நூலுக்கு மெழுகு பூசுவதும் இதே அக்கறையின் வேறு வடிவங்கள். அவிழும்போது நூல் எவ்வளவு இழுபட்டது என்பது துணிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அளவு நாடாதான் காட்டும்.

சென்னிமலையிலும் பவானியிலும் கைத்தறிக்காரர்கள் சிட்டத்தை (வளையமாகச் சுற்றிய நூல் கட்டை) அவிழ்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாயம் தோய்த்து உலர்த்திய சிட்டத்தை அப்படியே ராட்டையில் ஏற்ற மாட்டார்கள். இரண்டு கையையும் வளையத்துக்குள் விட்டு, விரித்துப் பிடித்து, சடக்கென்று உதறுவார்கள். பிறகு கைகளை ஒரு சுற்று நகர்த்தி மறுபடி உதறுவார்கள். சாயத்தில் ஒட்டிக்கொண்ட இழைகள் அந்த உதறலில் பிரிந்து வரிசைக்கு வரும். அதன் பிறகுதான் கட்டுநூலைத் தேடி அறுத்து, நுனியைக் கண்டுபிடித்து, தார் (தறிக்கான சிறு நூல் குழல்) சுற்ற ஆரம்பிப்பார்கள். இந்த உதறலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் துணிக்கும் இதுவே வேண்டியிருக்கும்.

இப்போது நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. புதிய கோனிலிருந்து ஒரு மீட்டர் நூலை எடுத்து இரண்டு கையிலும் விறைப்பாகப் பிடியுங்கள். மெல்ல இரண்டு கையையும் நெருக்கிக் கொண்டுவாருங்கள். நூல் வளைந்து தொங்காமல், நடுவில் தானாகவே ஒன்றோடொன்று பின்னி முறுக்கிக்கொள்ளும். நீங்கள் நூலைக் கோனிலிருந்து முழுக்க அவிழ்த்துவிட்டீர்கள், ஆனாலும் அதற்குள் இருக்கிற முறுக்கு இன்னும் அவிழத் துடித்துக்கொண்டிருக்கிறது. இதை அடக்கத்தான் மில்களில் கோன்களை நீராவி அறையில் வைத்து கண்டிஷனிங் செய்கிறார்கள். பஞ்சுக்கு ஈரம் பிடிக்கும். தர நிர்ணயத்தில் அதன் ஈரப்பதத்தை 8.5 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். வெப்பமும் ஈரமும் சேரும்போது இழைகள் முறுக்கிய நிலையையே தங்கள் நிலையாக ஏற்றுக்கொண்டு அமைதியாகும். கண்டிஷனிங் ஆன கோனையும் ஆகாத கோனையும் இதே சோதனையில் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இப்படி அடங்காத முறுக்கு துணிக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். நான்கைந்து முறை துவைத்த டீ-ஷர்ட்டின் பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்திருக்கும். ஒற்றை நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சியில் (சாதாரண பனியன் துணியில்), ஒவ்வொரு நூலும் தன் முறுக்கை விட முயன்று வளையங்களை ஒரே பக்கமாகச் சாய்ப்பதுதான் காரணம். வட்ட நிட்டிங் மெஷினில் ஃபீடர் (நூல் ஊட்டும் இடம்) எண்ணிக்கை கூடக் கூட இந்தச் சாய்வும் கூடும். இரண்டு நூலை எதிர்த் திசையில் முறுக்கிய இரட்டை நூலில் இது அநேகமாக இருக்காது, ஏனென்றால் ஒன்றின் முறுக்கை மற்றது பிடித்துக்கொள்ளும். பொள்ளாச்சித் தேங்காய் நார்க் கயிறு பிரியாமல் நிற்பதும் அதே கணக்கில்தான்: புரி ஒரு பக்கம் முறுக்கியிருக்கும், கயிறு மறுபக்கம்.

இனி துணி. பனியன் துணியைத் தறித்துணிபோல் நினைத்துவிடக் கூடாது. தறியில் பாவும் ஊடையும் ஏறக்குறைய நேராகக் கிடக்கின்றன. தறியிலிருந்து இறக்கியதும் அதுவும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் நேரான நூலுக்குப் போக வழி குறைவு. பனியன் துணி முழுக்க வளையம். நீள வாக்கில் இழுத்தால் வளையம் ஒல்லியாகி உயரும், அகல வாக்கில் இழுத்தால் பரந்து குள்ளமாகும். நூல் ஒரு மில்லிமீட்டர் கூட நீளாமலேயே துணி நீளும். அதனால்தான் பனியன் உடம்புக்குச் சுகமாக இருக்கிறது. அதனால்தான் கட்டிங் மாஸ்டருக்குத் தலைவலியாகவும் இருக்கிறது.

1959-ல் டி. எல். மண்டன் என்ற ஆய்வாளர் ஒரு முக்கியமான உண்மையை நிறுவினார். எந்த இழுப்பும் இல்லாமல் தளர்ந்த நிலைக்கு வந்த பின்னல் துணியின் அளவைத் தீர்மானிப்பது ஏறக்குறைய ஒரே ஒரு விஷயம்: ஒரு வளையத்துக்குள் எவ்வளவு நீள நூல் போயிருக்கிறது என்பது. அதைத்தான் நீங்கள் லூப் லென்த் என்கிறீர்கள். இதன் பொருள் என்ன? உங்கள் துணிக்கு 'இதுதான் என் அளவு' என்று ஓர் இயல்பான அளவு இருக்கிறது. நிட்டிங்கிலேயே அது முடிவாகிவிட்டது. பிறகு டையிங்கில் நீட்டினாலும், கம்பியில் அகலப்படுத்தினாலும், ரோலில் இறுக்கினாலும், விட்டதும் அந்த அளவை நோக்கித்தான் திரும்பப் பார்க்கும். தளர்வு என்பது இந்தத் திரும்புதல்தான்.

லூப் லென்த் பார்க்கும் சோதனையில் இதை மிக நெருக்கமாகக் காணலாம். துணியில் நூறு வளையம் எண்ணிக் குறித்து, இரண்டு பக்கமும் நறுக்கி, ஒரு வரிசை நூலை உருவி எடுப்பீர்கள். முப்பதாம் நம்பர் சிங்கிள் ஜெர்சியில் வளையத்துக்கு 2.8 மில்லிமீட்டர் என்றால், நூறு வளையத்து நூல் நேராக்கினால் 28 சென்டிமீட்டர் வர வேண்டும். ஆனால் உருவிய நூலை மேஜைமேல் வைத்துப் பாருங்கள். அது நேராகக் கிடக்காது. ஒவ்வொரு வளையமும் இருந்த இடத்தில் ஒரு நெளிவு, நூறு நெளிவும் வரிசையாக அப்படியே இருக்கும், அதனால் நீளமும் பாதிக்குப் பாதியாகத் தெரியலாம். துணியே இல்லை, ஆனாலும் நூல் துணியில் இருந்த வடிவத்தை விடவில்லை. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நெளிவுகள் மெல்ல விரியத் தொடங்கும். அவிழ்ப்புக்கும் தளர்வுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைக் காட்டிவிட வேண்டும் என்பது என் கருத்து.

சரி, உங்கள் மேஜைக்கு வரும் ரோலுக்குள் என்ன இழுப்பு இருக்கிறது? சாஃப்ட் ஃப்ளோ என்ற சாய மெஷினில் துணி கயிறுபோல ஓடிக்கொண்டே இருக்கும்போது நீள வாக்கில் இழுபடுகிறது. பிழிந்து உலர்த்தும்போது மறுபடி. கடைசியில் காம்பாக்டிங்கில் இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அங்கே துணியை உள்ளே தள்ளும் வேகம் வெளியே எடுக்கும் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கும். வளையங்கள் நெருக்கித் தள்ளப்பட்டு, நீளம் குறைந்து, இயல்பான அளவுக்குப் பக்கத்தில் வரும். நல்ல காம்பாக்டிங் ஆன துணியில் வேலை பெரும்பாலும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே மெஷினின் மறுமுனையில் ரோல் சுற்றும்போது இறுக்கிச் சுற்றினால், நெருக்கிய வளையங்கள் திரும்பவும் நீள்கின்றன. வண்டியில் அடுக்கி, அடியில் போன ரோல் மேலிருக்கும் பாரத்தில் நசுங்கி வருகிறது. ரோலின் உட்சுற்றும் வெளிச்சுற்றும் ஒரே இழுப்பில் இருப்பதும் இல்லை. பிரித்த உடனேயே லே போட்டு (மேஜையில் அடுக்கடுக்காக விரித்து) வெட்டினால், ஒரே பேட்டர்னில் வெட்டிய இரண்டு முன்பாகங்கள் மறுநாள் இரண்டு அளவில் நிற்கும்.

கணக்காகவே பாருங்கள். 72 சென்டிமீட்டர் நீளமுள்ள பாடி வெட்டுகிறீர்கள். வெட்டிய பிறகு துணி 3 சதவீதம் திரும்பியது என்றால் 2.16 சென்டிமீட்டர் போய்விட்டது. பையர் கொடுக்கும் தாங்கல் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் சுற்றியே இருக்கும். தையல்காரர் நேராகத் தைத்திருக்கிறார், மாஸ்டர் சரியாக வெட்டியிருக்கிறார், பேட்டர்ன் சரி, ஆனாலும் செக்கிங்கில் பீஸ் ரிஜெக்ட். இதற்குத் தையல்காரர்மேல் பழி போடும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஒரு நாள் பொறுத்திருந்தால் வந்திருக்காத சேதம் அது.

இப்போது உங்கள் கேள்வியின் மையம்: ஏன் ஒரு நாள்? துணிக்குத் திரும்ப ஆசை இருந்தால் உடனே திரும்ப வேண்டியதுதானே? தடுப்பது உராய்வு. ஒரு வளையம் அளவு மாற வேண்டுமென்றால், தன்னைக் கோத்திருக்கும் மேல் வளையத்தின்மேலும் கீழ் வளையத்தின்மேலும் நூல் வழுக்கிப் போக வேண்டும். பஞ்சு நூலின் மேற்பரப்பு ரோமம் நிறைந்தது. அவ்வளவு எளிதில் வழுக்காது. படியில் அரிசியை அளக்கும்போது மேலாகக் கொட்டியது அப்படியே நிற்கும், படியைத் தட்டினால் இறங்கும்; வளையங்களும் அப்படித்தான், ஒரு சிறு அசைவு கிடைத்தால் தங்கள் இடத்துக்கு இறங்கும். சிட்டத்தை உதறுகிற கைத்தறிக்காரர் செய்வதும் இதுதான். அதோடு இழைகளுக்குள்ளேயே நடக்கும் தளர்வு ஒன்று இருக்கிறது. அது முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கும். ஆகவே 24 மணி நேரம் என்பது ஒரு பாதுகாப்பான கணக்கு.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மேஜைமேல் சும்மா கிடப்பதால் கிடைப்பது உலர் தளர்வு மட்டும். ஈரத் தளர்வு தண்ணீரில் நனைந்து அசைந்தால்தான் வரும். தண்ணீரும் அசைவும் உராய்வை உடைக்கின்றன. வாடிக்கையாளர் வீட்டு வாஷிங் மெஷினில் முதல் துவைப்பில் சட்டை சுருங்குவது அதனால்தான். எனவே ஷ்ரிங்கேஜ் டெஸ்டுக்கு (துவைத்துச் சுருக்கம் பார்க்கும் சோதனைக்கு) மாற்றாக ரிலாக்சேஷனை (இந்த உலர் தளர்வை) எடுத்துக்கொள்ளாதீர்கள், ரிலாக்சேஷனுக்கு மாற்றாக ஷ்ரிங்கேஜ் டெஸ்டையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். காம்பாக்டிங் மோசமான துணியை எத்தனை நாள் விரித்துப் போட்டாலும் துவைத்ததும் அது தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

செய்முறைக்கு வருகிறேன். ரோலை இழுத்துப் பிரிக்காதீர்கள். தொட்டில் போன்ற உருளைகளில் ரோலை வைத்துச் சுழலவிட்டால் துணி தன் பாரத்திலேயே இறங்கும். ஆள் நின்று கையால் உருவுகிற இடங்களில், ஒருவர் இழுக்க இன்னொருவர் பிடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். அதைவிடப் பிரிக்காமலே இருக்கலாம், ஏனென்றால் புது இழுப்பு ஏற்றித்தான் பிரிக்கிறார்கள். இறங்கும் துணியை மடிப்பு மடிப்பாகத் தளர்வாக அடுக்குங்கள். அடுக்கு முழங்கால் உயரத்தைத் தாண்ட வேண்டாம். அதற்குமேல் போனால் அடியிலுள்ள மடிப்புகள் பாரத்தில் அழுந்தி, தளர வேண்டிய துணி தளராமல் கிடக்கும். மேலே ஒரு துணி போர்த்தினால் தூசி விழாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஷெட்டின் மேற்குப் பக்கத்தில் விரித்து வைக்காதீர்கள். காற்று பட்ட பகுதியும் படாத பகுதியும் வேறுவேறு ஈரத்தில் நிற்கும், அளவும் மாறும். பரிசோதனை அறைகளில் ஈரப்பதம் 65 சதவீதம் என்று பிடித்து வைப்பது வீணுக்கல்ல.

அளக்காமல் எதையும் நம்பாதீர்கள். ரோலைப் பிரித்த உடனேயே, அடுக்குவதற்கு முன், துணியின் நடுப்பகுதியில் நீளவாக்கில் 50 சென்டிமீட்டரும் அகலவாக்கில் 50 சென்டிமீட்டரும் பேனாவால் குறியுங்கள். நான்கு மணி நேரம் கழித்து அளந்து எழுதுங்கள், எட்டு மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில் ஒரு முறை. அளக்கும்போது துணியைத் தட்டி நேர்ப்படுத்தலாம், கையால் நீவி இழுக்கக் கூடாது. எப்போது அளவு மாறுவது நிற்கிறதோ அதுதான் அந்தத் துணிக்கு உண்மையான நேரம். சில இண்டர்லாக் துணிகள் சீக்கிரமே அடங்கிவிடும், ரிப் துணி அகலத்தில் நிறைய விளையாடும். பையர் 24 என்று எழுதியிருந்தால் 24-ஐக் குறைக்க வேண்டாம். ஆனால் உங்கள் அளவு 24-க்குப் பிறகும் மாறிக்கொண்டிருந்தால், நேரம் முடிந்துவிட்டது என்று வெட்ட விடாதீர்கள். இந்தக் குறிப்பேட்டை டையிங் லாட் (ஒன்றாகச் சாயமிட்ட தொகுதி) வாரியாக வைத்திருந்தால், எந்த லாட்டின் காம்பாக்டிங் சரியில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

லைக்ரா கலந்த துணிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1958-ல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இந்த எலாஸ்டேன் இழை, தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேலும் நீண்டு திரும்பக்கூடியது. நிட்டிங்கில் அதை நன்றாக இழுத்து வைத்துத்தான் பஞ்சு நூலோடு சேர்த்துப் பின்னுகிறார்கள். ஆகவே பஞ்சில் திரும்ப ஆசை என்று நான் சொன்னது இதில் பல மடங்கு. ஸ்டென்டர் என்ற மெஷினில் சுமார் 190 டிகிரியில் ஹீட் செட் செய்து (சூட்டில் அளவை நிலைக்க வைத்து) அந்த வேகத்தைக் குறைக்கிறார்கள். ஹீட் செட் சரியாக ஆகாத லைக்ரா துணியை ரோலிலிருந்து பிரித்தால், கண்ணெதிரிலேயே ஓரம் சுருண்டு, டயா (துணியின் அகலம்) சுருங்கி, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை) ஏறும். இதற்கு ஒரு நாள் என்பது குறைந்தபட்சம். அளவு நாடா என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

துணியைத் தாண்டியும் இந்தச் சொல் நம் ஊரில் நடமாடுகிறது. உடுமலை, பொள்ளாச்சித் தோப்புகளில் சொட்டுநீர்க் குழாய் போடுகிறவர்கள் 16 எம்.எம். லேட்டரல் (கிளைக் குழாய்) சுருளை உருட்டிக்கொண்டே போவார்கள், வெயிலில் கொஞ்ச நேரம் கிடக்கவிடுவார்கள். சூட்டில் பாலிதீன் சுருளின் வளைவை விட்டுக் கொடுக்கும். அதன் பிறகும் விறைப்பாக இழுத்துக் கட்ட மாட்டார்கள். 100 மீட்டர் குழாய் 20 டிகிரி குளிர்ந்தால் 30, 40 சென்டிமீட்டர் வரை சுருங்கக்கூடியது, இரவில் இணைப்பைப் பிடுங்கிவிடும். மாறாக, கோவையில் மோட்டார் காயில் கட்டும் கடையில் கருகிய காயிலை யாரும் அவிழ்ப்பதில்லை. வார்னிஷில் இறுகிய செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக எடுக்க முடியாது. ஒரு பக்கம் நறுக்கி, மறுபக்கம் உருவி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். செம்பு வளைத்தபடியே நிற்கும். அதற்கு அவிழ்ப்பும் இல்லை, தளர்வும் இல்லை.

பங்குச் சந்தைச் செய்தியில் வருவது மூன்றாவது பொருள். கடன் வாங்கியோ முன்பேர ஒப்பந்தத்திலோ கட்டி வைத்த ஒரு நிலையை, வாங்கியதை விற்றும் விற்றதை வாங்கியும் படிப்படியாகக் கலைப்பதை அன்வைண்ட் என்கிறார்கள். 2024-ல் இது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. குறைந்த வட்டிக்கு ஜப்பானிய யென்னில் கடன் வாங்கி வேறு நாடுகளில் முதலீடு செய்திருந்தவர்கள் பலர். ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியதும், யென் மதிப்பு ஏறியதும், அவர்களில் பலர் ஒரே நேரத்தில் கடனை அடைக்க ஓடினார்கள். ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவின் நிக்கேய் குறியீடு ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கம்பெனியையே கலைப்பதற்கு 'வைண்ட் அப்' என்றும், வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துவதற்கு 'வைண்ட் டவுன்' என்றும் வேறு சொற்கள் உண்டு. அவற்றை இதோடு கலக்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் அறிக்கைக்கு. கையேட்டுக்குப் பதில் எழுதும்போது இரண்டையும் பிரித்தே எழுதுங்கள்: ரோல் பிரித்த நாள், நேரம் ஒரு கட்டத்தில், வெட்டத் தொடங்கிய நாள், நேரம் இன்னொரு கட்டத்தில், நடுவில் 50 சென்டிமீட்டர் குறியின் அளவுகள். ஒவ்வொரு அடுக்கிலும் தொங்கும் டேக்கில் பிரித்த நேரத்தை எழுதச் சொல்லுங்கள், வாய்க்கணக்கு வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போது இறந்த காலம் 'அன்வைண்டட்' அல்ல, 'அன்வவுண்ட்'. அதன் எழுத்தில் பின்பாதி காயத்தைக் குறிக்கும் சொல்போலவே இருக்கும். அதை 'வூண்ட்' என்று படிப்பார்கள், இதை 'வவுண்ட்' என்று படிக்க வேண்டும். பையர் போனில் அழைக்கும்போது இது உதவும்.